கிழிந்த மழை ஜாக்கெட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் மழைக்காலச் சைக்கிள் பயணம் பற்றிய ஒரு பதிலில், ஜாக்கெட் லேசாகக் கிழிந்தால் தூக்கிப் போட வேண்டாம், ஒட்டிக்கொள்ளலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். எப்படி ஒட்டுவது என்று கேட்டுத்தான் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி. அதனால் இந்தப் பகுதி முழுக்க அதற்கே. முதல் பதில் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மற்ற கேள்விகளுக்கும் அடிப்படை அதில்தான் இருக்கிறது.

கேள்வி: அண்ணா, வால்பாறையிலிருந்து ஆழியாறு பக்கம் இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் சக்கரம் வழுக்கி விழுந்துவிட்டேன். எனக்குச் சிராய்ப்புதான், ஆனால் மழை ஜாக்கெட்டின் இடது முழங்கை கிழிந்துவிட்டது. 'ட' எழுத்து மாதிரி ஒரு பக்கம் நான்கு சென்டிமீட்டர், இன்னொரு பக்கம் மூன்று. தெருவில் உள்ள டெய்லர் மேலாக ஒரு தையல் ஓட்டித் தருகிறேன் என்கிறார். கூட ஓட்டும் நண்பர், டியூபுக்குப் போடும் சொல்யூஷனும் பேட்சும் போதும் என்கிறார். எதைச் செய்வது?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டுமே வேண்டாம் தம்பி. முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: விழுந்தபோது தலை தரையில் தட்டியதா? தட்டியிருந்தால் ஜாக்கெட்டைப் பிறகு பார்க்கலாம், ஹெல்மெட்டை மாற்றுங்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் மாதிரியான பகுதி ஒரு அடியைத்தான் வாங்கும். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும்.

சரி, ஜாக்கெட்டுக்கு வருவோம். டெய்லர் தைக்கலாம் என்று சொல்வதில் தப்பில்லை, சட்டையாக இருந்தால் அதுதான் சரியான வழி. மழை ஜாக்கெட்டில் மட்டும் கதை வேறு. வெளியே தெரிகிற நைலானோ பாலியெஸ்டரோ தண்ணீரைத் தடுப்பதில்லை, அது பலத்துக்காக இருக்கிறது. தண்ணீரை நிறுத்துவது அதன் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஒரு மெல்லிய சவ்வு அல்லது பூச்சு. இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். உங்கள் கிழிசல் மொத்தம் ஏழு சென்டிமீட்டர். மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு குத்து என்று மெஷின் ஓடினால், ஒரு வரிசைக்கு இருபத்துமூன்று ஓட்டை, இரண்டு வரிசை ஓட்டினால் நாற்பத்தாறு. கிழிசலை மூடுகிறேன் என்று நாற்பத்தாறு புது வாசல் திறந்து வைக்கிறோம். என்னுடைய முதல் ஜாக்கெட்டை நான் இப்படித்தான் கெடுத்தேன். தையல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த மழையில் அரை மணி நேரத்துக்குள் தையல் போன வழியெல்லாம் உள்ளே இருந்த பனியனில் ஈரக் கோடு விழுந்துவிட்டது.

சொல்யூஷன் ஏன் கூடாது என்றால், அது ரப்பரோடு ரப்பரைச் சேர்ப்பதற்காகச் செய்தது. டியூபில் பேட்ச் அவ்வளவு பிடிப்பாக நிற்பதற்குக் காரணம் இரண்டும் ரப்பர் என்பதுதான். நைலானில் அது மேலோட்டமாக ஒட்டி, நான்கு தடவை கை மடங்கியதும் ஓரத்தில் உரியத் தொடங்கும். அதோடு அதில் உள்ள கரைப்பான் சில ஜாக்கெட்டுகளின் உள்பூச்சை ஊற வைத்துச் சுருக்கிவிடும். சூப்பர் குளூ அதைவிட மோசம், காய்ந்ததும் கண்ணாடி மாதிரி விறைத்து, முழங்கை மடங்கும் இடத்தில் வெடித்து, வெடித்த விளிம்பே பக்கத்துத் துணியைக் கிழிக்கும். டக்ட் டேப் அவசரத்துக்குச் சரி. ஆனால் நம் வெயிலில் அதன் பசை இளகி வழிந்து கறையாகிவிடும், அப்புறம் நல்ல ஒட்டு போட நினைத்தால் அந்தப் பசையைச் சுரண்டவே ஒரு நாள் போய்விடும்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே மெல்லிய பின்னல் துணி இழுத்தாலும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது மூன்று அடுக்கு. பின்னல் எதுவும் இல்லாமல், தொட்டால் லேசாக வழுவழுப்பாக, சின்னப் புள்ளியோ கோடோ அச்சடித்த மாதிரி இருந்தால் அதை இரண்டரை அடுக்கு என்பார்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் எடை குறைந்த சைக்கிள் ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் இந்த வகை. வலை மாதிரி ஒரு லைனிங் தனியாகத் தொங்கினால் அது இரண்டு அடுக்கு, சவ்வு அந்த வலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இந்தக் கடைசி வகையில் மட்டும் டெய்லருக்கு வேலை உண்டு: கீழ் விளிம்பில் லைனிங் தையலை ஒரு சாண் பிரித்துவிட்டு, கையை உள்ளே விட்டு ஒட்டுப் போட்டு, மறுபடி லைனிங்கை மட்டும் தைத்துவிடலாம்.

எந்த வகை என்று தெரிவது முக்கியம், ஏனென்றால் ஒட்டு எந்தப் பக்கம் பிடிக்கும் என்பது அதைப் பொறுத்தது. இரண்டரை அடுக்கில் உள்பக்கம் மழமழவென்று இருப்பதால் ஒட்டு நன்றாகப் பற்றும், அதனால் உள்ளே போடுவதுதான் முதன்மை. மூன்று அடுக்கில் உள்ளே இருக்கும் பின்னல் மேடும் பள்ளமுமாக இருப்பதால் ஒட்டு மேடுகளை மட்டும்தான் தொடும், கொஞ்ச நாளில் கழன்றுவிடும். அங்கே வெளிப்பக்கம்தான் முதன்மை.

வாங்க வேண்டியது ஒன்றிரண்டு சாமான்தான். கியர் எய்ட் நிறுவனத்தின் டெனேஷியஸ் டேப் இந்த வேலைக்கென்றே வருவது, நைலான் நிறங்களிலும் நிறமில்லாமலும் கிடைக்கும். அதுவே வேண்டும் என்றில்லை, கூடாரத்துக்கான ஒட்டுத் துண்டுகளும் ஆகும். பாய்மரத்துக்கும் பட்டத்துக்கும் ஒட்டுகிற ரிப்ஸ்டாப் டேப்பும் ஆகும். அப்புறம் பாலியூரித்தேன் பசை ஒரு சின்ன டியூப், சீம் கிரிப் என்று அதே நிறுவனத்தில் உண்டு. எது வாங்கினாலும் 'நைலானுக்கு, மடங்கும் இடத்துக்கு' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கெட்டில் சிலிக்கான் பூச்சு இருந்தால் இவை எதுவும் பிடிக்காது. சைக்கிள் ஜாக்கெட்டில் அது அரிது, போர்வை மாதிரி போர்த்திக்கொள்ளும் பாஞ்சோக்களில் உண்டு. சந்தேகமாக இருந்தால் உள்பக்க மூலையில் ஒரு துண்டு செல்லோடேப்பை அழுத்தி ஒட்டிப் பாருங்கள், பிடிப்பே இல்லாமல் நழுவி வந்தால் சிலிக்கானாக இருக்கலாம். அதற்குச் சிலிக்கான் பசைதான் வேண்டும்.

இனி வேலை. ஜாக்கெட்டைத் துவையுங்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். வேர்வை எண்ணெய், ரோட்டு அழுக்கு, செயின் கிரீஸ் இதன் மேல் எந்தப் பசையும் நிற்காது. திரவ சோப்பு கொஞ்சமாகப் போட்டு, இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள். துணிக்கு வாசனையும் மென்மையும் தரும் கண்டிஷனர் ஒரு சொட்டுகூட வேண்டாம், அது துணி மேல் ஒரு படலம் விடும். நீங்கள் விழுந்திருப்பதால் கிழிசல் ஓரத்தில் மணலும் தார்த் துகளும் குத்தி நிற்கும், பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுங்கள். நிழலில் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். கையில் காய்ந்த மாதிரி தெரியும், இரண்டு அடுக்குக்கு நடுவில் ஈரம் இருக்கும்.

காய்ந்த பிறகு கிழிசலைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு, ஒட்டு வரப்போகும் பக்கங்களில், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். செல்போன் ரிப்பேர் கடைக்காரர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பதுதான். கை சானிடைசர் வேண்டாம், கை வறண்டு போகாமலிருக்க அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம் இந்த மூன்றும் பூச்சையே தின்றுவிடும்.

இப்போது சட்டைக்கையின் உள்ளே சப்பாத்திப் பலகையை நுழையுங்கள். மேல் துணியும் கீழ் துணியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவும், அழுத்துவதற்குக் கெட்டியான தளம் கிடைக்கவும் இது வேண்டும். கிழிசல் ஓரத்தில் தொங்கும் நூலை இழுக்காதீர்கள், நகவெட்டிக் கத்தரியால் ஒட்ட நறுக்குங்கள். தீக்குச்சி காட்டி நைலான் விளிம்பைக் கருக்குவது பை தைப்பவர்கள் வழக்கம், இங்கே அது சவ்வையும் சேர்த்து உருக்கிச் சுருட்டும்.

'ட' வடிவக் கிழிசலில் மூலைதான் கஷ்டம். அந்த முக்கோண நாக்கை அதன் இடத்தில் சரியாக உட்கார வைத்துவிட்டால் மிச்சம் இரண்டும் நேர்க்கோடுகள். எனவே மூலையில் தொடங்கி, விளிம்போடு விளிம்பு தொடும்படி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் சேர்த்து, முதன்மை ஒட்டு வரப்போவதற்கு எதிர்ப்பக்கத்தில் சின்னச் சின்ன செல்லோடேப் துண்டுகளால் நிறுத்துங்கள். இது தற்காலிகம், பிறகு எடுத்துவிடலாம். உங்கள் ஜாக்கெட் இரண்டரை அடுக்கு என்று வைத்துக்கொண்டால் செல்லோடேப் வெளியே, அப்புறம் கையைத் திருப்பி உள்பக்கம் முதன்மை ஒட்டு.

ஒட்டை வெட்டும்போது கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டராவது பெரிதாக வெட்டுங்கள். நான்கு மூலையையும் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து வட்டமாக நறுக்குங்கள். கூர் மூலை எதிலாவது மாட்டி உரியும், வட்டம் உரியாது. பின் காகிதத்தை முழுக்க உரித்துவிட்டு ஒட்டினால் நடுவில் காற்றுக் குமிழ் மாட்டும். காகிதத்தை நடுவில் கிழித்து ஒரு விரல் அகலம் மட்டும் திறந்து, அந்தப் பகுதியைக் கிழிசல் மேல் சரியாக வைத்து, பிறகு இரண்டு பக்கமும் காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே போங்கள். அப்புறம் எவர்சில்வர் கரண்டியின் பின்பக்கத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஐந்து நிமிஷம் தேயுங்கள். ஒட்டின் நிறம் தேய்க்கத் தேய்க்கக் கொஞ்சம் கருத்து, துணியின் நெசவு அதன் வழியாகப் புடைத்துத் தெரியும். அந்த நெசவு தெரிந்தால் பசை இறங்கிவிட்டது.

முழங்கைக்கு ஒரு கூடுதல் விஷயம். சைக்கிளில் கை எப்போதும் மடங்கியே இருக்கும், அதனால் அந்த இடத்தில் ஜாக்கெட்டே வளைவாகத் தைக்கப்பட்டிருக்கும். ஒரே பெரிய ஒட்டை அதன் மேல் போட்டால் எங்காவது ஒரு மடிப்பு விழுந்தே தீரும், அந்த மடிப்புதான் நாளைக்குத் தண்ணீர் போகும் கால்வாய். உங்கள் கிழிசலுக்கு இரண்டு நீளத் துண்டுகளாக, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒன்று, மூலையில் ஒன்றின் மேல் ஒன்று நன்றாக ஏறும்படி ஒட்டுங்கள்.

மேலே நாலைந்து கனமான புத்தகம் வைத்து 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். மறுநாள் வெளியே உள்ள செல்லோடேப்பை எடுத்துவிட்டு, மறுபடி துடைத்து, வெளிப்பக்கம் ஒரு ஒட்டு. அது உள் ஒட்டைவிட அரை சென்டிமீட்டர் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கட்டும், அதே அளவாக வேண்டாம். இரண்டு ஒட்டின் விளிம்பும் ஒரே கோட்டில் முடிந்தால் துணி அந்தக் கோட்டிலேயே மடங்கி மடங்கி அடுத்த கிழிசல் அங்கேதான் வரும்.

மூன்று அடுக்கு ஜாக்கெட் என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் வெளியே ஒட்டு, பிறகு உள்ளே கிழிசல் கோட்டின் மேல் பாலியூரித்தேன் பசையைத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி மெல்லிசாகத் தடவுங்கள். இரவு முழுக்கக் காய வேண்டும். காய்ந்த பிறகும் லேசாகப் பிசுபிசுக்கும், அதன் மேல் முகப்பவுடர் தூவித் தட்டிவிட்டால் மடித்து வைக்கும்போது ஒட்டிக்கொள்ளாது.

கிழிசல் ஒரு சாண் அளவுக்கு இருந்தாலோ, துணியே கொஞ்சம் காணாமல் போயிருந்தாலோ ஒட்டு மட்டும் தாங்காது, அப்போது தைக்கத்தான் வேண்டும். அதற்கும் முதலில் ஒட்டு, அதன் மேல் தையல், அதன் மேல் உள்பக்கம் பசை என்ற வரிசை. பாலியெஸ்டர் நூல், இருப்பதிலேயே மெல்லிய ஊசி. பருத்தி நூல் திரி மாதிரி தண்ணீரை உள்ளே இழுக்கும். துணியைச் சேர்த்துப் பிடிக்கக் குண்டூசி குத்தாதீர்கள், துணி காயப்போடும் கிளிப் போதும்.

போட்டுக்கொண்டு கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை. ஒட்டு இருக்கும் இடத்தைக் கிண்ணம் மாதிரி குழித்துப் பிடித்து, வெளிப்பக்கமாக ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, அடியில் செய்தித்தாள் வைத்துப் பத்து நிமிஷம் பாருங்கள். தாளில் ஈரம் விழாவிட்டால் வால்பாறைக்கு மறுபடி போகலாம்.

கேள்வி: எனது மழை ஜாக்கெட்டை இரண்டு வருஷம் கழித்து வெளியே எடுத்தேன். எங்கும் கிழியவில்லை. ஆனால் உள்பக்கம் தோல் உரிகிற மாதிரி வெள்ளை வெள்ளையாக உதிர்கிறது, தொட்டால் பிசுபிசுப்பு, ஒரு புளித்த நாற்றம் வேறு. இதற்கும் ஒட்டுப் போடலாமா?
வாசகி, சென்னை

பதில்: இதற்கு மட்டும் வழி இல்லை அம்மா. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் அதை ஒன்றும் செய்யவில்லை, வைத்திருந்தீர்கள், அவ்வளவுதான். அந்த உள்பூச்சு பாலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரமே அதன் மூலக்கூறுப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும், சென்னையில் வருஷம் முழுக்க இரண்டும் உண்டு. பழைய ஷூவின் அடிப்பாகம் அலமாரியில் இருந்தபடியே பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே காரணம்தான். உதிரும் பூச்சின் மேல் எந்த ஒட்டும் நிற்காது, ஒட்டோடு சேர்ந்து பூச்சும் கையோடு வரும்.

எங்கே வைத்திருந்தீர்கள் என்று எழுதவில்லை. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் சுருட்டி வைப்பவர்கள்தான் அதிகம், அதுதான் இருப்பதிலேயே மோசமான இடம், வெயிலில் நிற்கும் வண்டியில் அந்தப் பெட்டி அடுப்பு மாதிரி ஆகிவிடும். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி வைப்பது அதற்கு அடுத்தது. அடுத்த ஜாக்கெட்டை நன்றாகக் காயவைத்து, மடிக்காமல், காற்றோட்டமான அலமாரியில் ஹேங்கரில் மாட்டுங்கள். பழையதிலிருந்து ஜிப்பையும், வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையையும் பிரித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் கெட்டிருக்காது.

கேள்வி: தினமும் வேலைக்குச் சைக்கிளில் போகிறேன். விலை கொடுத்து வாங்கிய கோர்-டெக்ஸ் ஜாக்கெட், முதல் வருஷம் மழைத்துளி முத்து முத்தாக உருண்டு ஓடும். இப்போது தோளும் முன்கையும் நனைந்து கருத்துப் போகின்றன, உள்ளேயும் ஈரம். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஏதாவது விழுந்திருக்குமா?
வாசகர், லண்டன்

பதில்: பெரும்பாலும் ஓட்டை இல்லை. நீங்கள் சொல்லும் முத்து முத்தான ஓட்டம் சவ்வின் வேலை இல்லை, வெளித் துணியின் மேல் பூசியிருக்கும் ஒரு நீர்விலக்கிப் பூச்சின் வேலை. அது அழுக்காலும் உரசலாலும் முதலில் போவது தோளில், முதுகுப்பை வார் தேய்க்கும் இடத்தில். பூச்சு போனதும் வெளித் துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். சவ்வு அதை உள்ளே விடாது, ஆனால் உங்கள் வேர்வை ஆவியும் வெளியே போக முடியாமல் உள்ளேயே தண்ணீராகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் மழை இல்லை, நீங்கள்தான்.

அந்தக் கோர்-டெக்ஸ் சவ்வு உருவான கதை எனக்குப் பிடித்த ஒன்று. 1969-ல் பாப் கோர் என்பவர் சூடாக்கிய பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் என்று நாம் சொல்லும் பிளாஸ்டிக்) தண்டுகளை மெதுவாக இழுத்து நீட்டப் பார்த்தார், ஒவ்வொன்றும் உடைந்துகொண்டே இருந்தது. பொறுமை போய் ஒன்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார், அது உடையாமல் பல மடங்கு நீண்டுவிட்டது. நிலக்கடலை மிட்டாய்ப் பாகு மாதிரி நீளவில்லை, உள்ளுக்குள் எண்ணற்ற நுண்துளைகளோடு நீண்டது. தண்ணீர்த் துளி நுழைய முடியாத, நீராவி நுழையக்கூடிய துளைகள். ஆனால் துளை அடைபட்டால் எவ்வளவு நல்ல சவ்வும் வெறும் பிளாஸ்டிக் தாள்தான். அதனால்தான் துவையுங்கள் என்கிறேன். இந்த ஜாக்கெட்டுகளைத் துவைத்தால் கெட்டுவிடும் என்று பயந்து வருஷக்கணக்கில் துவைக்காதவர்கள் நிறைய, கெடுவது துவைக்காததால்.

40 டிகிரியில், திரவ சோப்பு அல்லது நிக்வாக்ஸ் மாதிரி இதற்கென்றே உள்ள கழுவு திரவம் போட்டுத் துவைத்து, நன்றாக அலசுங்கள். காய்ந்த பிறகு டிரையரில் மிதமான சூட்டில் 20 நிமிஷம் ஓட விடுங்கள். அழிந்த மாதிரி தெரிந்த பூச்சு பாதி நேரம் இந்தச் சூட்டிலேயே திரும்ப எழுந்துவிடும். டிரையர் இல்லாதவர்கள், இது நம் ஊர்க்காரர்களுக்கும் சேர்த்து, ஒரு துண்டைப் போட்டு அதன் மேல் இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் ஓட்டலாம். துண்டு இல்லாமல் வேண்டாம், இஸ்திரிக்குக் கொடுத்தும் அனுப்ப வேண்டாம். கரிப்பெட்டியின் சூட்டுக்கு நைலான் ஒரு நொடி தாங்காது. என் மனைவியின் ஜாக்கெட் முதுகில் அப்படி ஒரு முக்கோணம் விழுந்தது, துணி மூட்டையோடு சேர்த்துக் கொடுத்தது நான்தான். மின்னும் பட்டைகள் மேலும் பெட்டியை வைக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் தண்ணீர் உருளவில்லை என்றால் ஸ்பிரே வாங்கி ஈரமான ஜாக்கெட்டின் வெளிப்பக்கம் மட்டும், தோளுக்கும் முன்கைக்கும் கொஞ்சம் கூடுதலாக அடியுங்கள். அதற்குப் பிறகும் ஒரே இடத்தில் மட்டும் ஈரம் வந்தால், அப்போது ஓட்டை என்று சந்தேகப்படலாம், முதல் பதிலில் உள்ள தம்ளர் சோதனையைச் செய்யுங்கள்.

கேள்வி: ஜாக்கெட் நன்றாகத்தான் இருக்கிறது, ஜிப் மட்டும் மேலே ஏற்றியதும் பின்னாலேயே பிளந்துகொண்டு வருகிறது. ஜிப்பையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றினால் தண்ணீர் உள்ளே வராதா?
வாசகர், திருச்சி

பதில்: பல்லில் பழுது இல்லாவிட்டால் ஜிப்பை மாற்றவே வேண்டாம், ரன்னர்தான் தேய்ந்திருக்கும். ரன்னரின் மேல் தகடும் கீழ் தகடும் காலப்போக்கில் விரிந்துபோவதால் பற்களை அழுத்திச் சேர்க்க முடிவதில்லை. முதலில் டூத் பிரஷ்ஷால் பல்லில் உள்ள மண்ணைத் தட்டுங்கள். அப்புறம் சின்னக் குறடால் ரன்னரின் இடது ஓரத்தை ஒரு அழுத்து, வலது ஓரத்தை ஒரு அழுத்து, மயிரிழை அளவுக்கு மட்டும். ஓட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு தடவை. ஒரேயடியாக அழுத்தினால் ரன்னர் உடைந்துவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால் ரன்னரை மட்டும் மாற்றலாம். குடை, பை ரிப்பேர் செய்பவர்களிடம் ஒரு டப்பா நிறைய ரன்னர் இருக்கும், அவர்கள் கை வேகம் யாருக்கும் வராது. பழைய ரன்னரின் பின்பக்கத்தில் 3 அல்லது 5 என்று ஒரு எண் அச்சாகியிருக்கும், அதே எண்ணைக் கேளுங்கள். மேல் நுனியில் உள்ள சின்ன நிறுத்தியைக் கழற்றிப் பழையதை எடுத்து, புதியதை விட்டு, நிறுத்தியை மறுபடி மாட்டிவிடுவார்கள், தையலைத் தொட வேண்டியதே இல்லை. பிறகு பல்லின் மேல் மெழுகுவர்த்தியை இரண்டு தடவை தேயுங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ரோட்டுத் தூசி எல்லாம் அதில் ஒட்டி ஒரு வாரத்தில் இறுகிவிடும்.

கீழே ஜிப்பைக் கோர்க்கிற இடத்தில் முள் உடைந்திருந்தால் மட்டும் முழு ஜிப்பும் மாற்ற வேண்டும். அப்போது டெய்லரிடம் பழைய தையல் ஓட்டைகளிலேயே ஊசி போகட்டும் என்று சொல்லிக் கொடுங்கள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. தைத்து வந்ததும் உள்பக்கத் தையல் நெடுக மெல்லிசாகப் பாலியூரித்தேன் பசை பூசிவிடுங்கள்.

கேள்வி: அண்ணை, நான் யாழ்ப்பாணத்திலயிருந்து ஆனையிறவு தாண்டிச் சைக்கிள்ல போறனான். போன மாரியில பாதி வழியில வேலி முள்ளுக்கம்பி மாட்டி ஜாக்கெட்டின்ர முதுகு கிழிஞ்சு, மிச்சத் தூரம் முழுக்க நனைஞ்சுகொண்டுதான் போனனான். வழியில நிண்டு செய்யக்கூடியது ஏதும் இருக்கோ?
வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இருக்கிறது தம்பி, ஆனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே செய்து வைக்க வேண்டியது. ஒட்டு டேப்பில் ஒரு சாண் நீளம் வெட்டி, மூலைகளை வட்டமாக நறுக்கி, பின் காகிதத்தோடு காற்றடிக்கும் பம்பைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டால் கட்டி வையுங்கள். இடமும் அடைக்காது, எடையும் இல்லை.

மழையில் கிழிந்தால் வெளியே ஒட்டப் பார்க்காதீர்கள், ஈரத்தில் பிடிக்காது. கடைத் தாழ்வாரமோ பஸ் நிறுத்தமோ பார்த்து நின்று, ஜாக்கெட்டைக் கழற்றி, உள்பக்கத்தைச் சட்டையின் காய்ந்த இடத்தால் நன்றாகத் துடைத்து, விளிம்பைச் சேர்த்து உள்ளே ஒட்டுங்கள். ஒட்டிய இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் கைச் சூட்டிலேயே பசை இளகிப் பற்றும். முதுகு என்பதால் மடிப்பு விழாது, வீடு போய்ச் சேரும் வரை கட்டாயம் நிற்கும்.

டேப் இல்லாமல் மாட்டிக்கொண்டால், ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து ஜாக்கெட்டுக்கும் சட்டைக்கும் நடுவில் முதுகில் செருகிக்கொள்ளுங்கள். தண்ணீர் முழுக்க நிற்காது, ஆனால் ஆனையிறவு வெளியில் அடிக்கிற காற்று ஈரமுதுகில் நேராகப் படாது, நடுக்கம் வராமல் அதுதான் காப்பாற்றும். வீட்டுக்கு வந்ததும் வழியில் போட்ட ஒட்டை அப்படியே விட்டுவிடாமல், மறுநாள் உரித்து, துவைத்துக் காயவைத்து, புதிதாக ஒரு ஒட்டுப் போட்டுவிடுங்கள். அப்புறம் பம்பில் இன்னொரு துண்டைச் சுற்ற மறக்க வேண்டாம்.